நீலப் பட்டை

பால்கோவாவை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்பதற்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் கிண்டும் இடங்கள் பலவற்றில் இன்றும் மனிதக் கைதான் கிண்டுகிறது. இது ஒரே ஒரு பட்டறையில் செய்த ஒரு மெஷினைப் பற்றியது. அதிலும், அந்த மெஷினில் இருக்கும் உள்ளங்கை நீளப் பட்டை ஒன்றைப் பற்றியது.

பட்டறை ராஜபாளையத்தில், சேத்தூர் போகும் ரோட்டில் இருக்கிறது. முதலாளி வைகுண்டராஜ். நல்ல மனுஷர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு என்ன பீஸ் கட்ட வேண்டும், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கதையில் ஒரு கெட்டவனைத் தேடிப்பிடித்துத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று பார்ப்போம். இங்கே அது நடக்காது.

அங்கே டிசைன் பார்க்கிறவள் ரிஸ்வானா. என்ஜினியரிங் படித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். பால் கிண்டும் மெஷினை வரைந்தது அவள்தான். பெரிய வட்டச் சட்டி, மேலே மோட்டார், மோட்டாரிலிருந்து கீழே இறங்கும் இரும்புக் கை. அந்தக் கையின் நுனியில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை. ஸ்பிரிங் ஒன்று பட்டையைச் சட்டியோடு அழுத்திப் பிடித்திருக்கும். கை சுற்றச் சுற்ற, அடிப்பிடிக்கப் போகும் பாலைப் பட்டை வழித்துக்கொண்டே போகும். விடியும் முன்னே எழுந்து தோள் கழன்று விழும்படி துடுப்புப் போட்டுப் பால் கிண்டியவர்களுக்கு அது பெரிய விடுதலை. மெஷின் வாங்கிய முதல் ஆட்கள் தேவஇரக்கமும் அவர் மனைவி ஏசம்மாளும். ஏசம்மாளுக்கு வலது தோளைத் தூக்கவே முடியாமல் போயிருந்தது. மெஷின் ஓட ஆரம்பித்த அன்று அவள் ரிஸ்வானாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "நீ நல்லா இருப்பட்டி" என்றாள். அந்த வார்த்தையை ரிஸ்வானா வெகுநாள் பத்திரமாக வைத்திருந்தாள்.

போன சித்திரையில் அவர்கள் மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்று போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் அவர்கள் கொட்டகை. ரிஸ்வானா போய் லூசாகிக் கிடந்த போல்ட்டை முடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, அலமாரியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தாள். அவள் வரைந்த பட்டைதான். பெருவிரல் தடிமன் இருக்க வேண்டியது, பிஸ்கட் தடிமனுக்கு வந்திருந்தது.

"அண்ணாச்சி, இத ஏன் வச்சிருக்கீங்க? தூரப் போடலாம்ல."

"தூரப் போடவா? நல்லாப் பழகுன பட்டைம்மா அது," என்றார் தேவஇரக்கம். "இப்பப் புதுசு மாட்டிருக்கேன். அது ஒத்து வரலைன்னா இதத்தான் திரும்பவும் மாட்டணும்."

பழகுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மெஷின் வைத்திருக்கிறவர்கள் புதுப் பட்டை மாட்டினால் முதல் சட்டிப் பாலைக் காய்ச்சிக் கீழே கொட்டிவிடுவார்கள். புது ஆட்டுக்கல்லில் முதல் மாவை வழித்து எறிவதில்லையா, அதுபோல. அதற்குப் பிறகு பட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டியின் வளைவுக்குத் தக்கபடி அமைந்துவிடும். வழிப்பது சுத்தமாக இருக்கும். பட்டை சட்டிக்குப் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வார்கள். நன்றாகப் பழகிய பட்டையை ஒருவரிடம் ஒருவர் இரவல் கேட்பதுகூட உண்டு.

"பழகல அண்ணாச்சி. தேஞ்சிருக்கு."

"அதத்தானம்மா நானும் சொல்லுதேன்."

"தேஞ்சது எங்க போச்சு?"

தேவஇரக்கம் சிரித்தார். "செருப்புந்தான் தேயுது. அது எங்க போச்சுன்னு யாரு பாத்தா?"

"செருப்பு ரோட்டுல தேயுது. இது சட்டிக்குள்ளல்லா தேஞ்சிருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. அடுப்புப் பக்கம் நின்ற ஏசம்மாள் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தாள். அடியில் லேசாகத் தீய்ந்து ஒட்டியிருக்கும் காந்தலை அவர்கள் விற்பதில்லை. தெருப்பிள்ளைகளுக்கு என்று அது ஒரு வழக்கம். வாழையிலைத் துணுக்கில் வைத்துக் கொடுப்பாள். கடையில் விற்கும் பால்கோவாவைவிட அதற்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். அன்றைக்கும் வாசலில் ஒரு கூட்டம் நின்றது. ரிஸ்வானா அந்தப் பிள்ளைகளைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

மறுநாள் புதுப் பட்டையையும், திருப்பித் தருவதாகச் சொல்லி தேவஇரக்கத்திடம் வாங்கி வந்த தேய்ந்த பட்டையையும் வைகுண்டராஜின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அம்புட்டுப் பாலுக்கும் சேத்து இம்புட்டுத்தானம்மா," என்றார் அவர். "ஒரு ஆளு வயித்துக்கு எம்புட்டு போயிருக்கும்? தூசி. ரோட்டுல நின்னு டீக்குடிச்சா இதவிடக் கூடப் போகும்."

"ரோட்டுத் தூசிய நான் வரையல சார். இத நான் வரைஞ்சிருக்கேன்."

அவள் வேறொரு வரைபடம் கொண்டுவந்திருந்தாள். சட்டியின் உள்பக்கத்தைக் கடைசல் பிடித்து மேடுபள்ளம் இல்லாமல் ஆக்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் பட்டையே வேண்டாம். தொட்டும் தொடாமலும் போகிற மாதிரி மெல்லிய ஸ்டீல் தகடு போதும். வைகுண்டராஜ் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகவே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு சட்டி கடையுத நேரத்துல நாலு சட்டிய வெளிய அனுப்பிரலாம். வெல ஏறிப்போகும். யாரு வாங்குவா? இன்னொண்ணு கேட்டுக்க. பட்டை தேயணும்மா. தேஞ்சாத்தான் வருசா வருசம் நம்மளத் தேடி வருவான்."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் ரகசியம்போலக்கூடச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

ரிஸ்வானா யோசித்து, சின்னதாக ஒன்று கேட்டாள். "அப்பப் பட்டையோட கலரையாவது மாத்துவோம் சார். நீலம். சாப்பிடுத பொருள்ல நீலம் இருக்காது. உதிர்ந்தா உடனே தெரிஞ்சிரும். பெரிய பாக்டரியில எல்லாம் அப்படித்தான்."

அவள் சொன்னதில் முதல் பாதிதான் அவர் காதில் விழுந்ததுபோல. "நீலமா? நல்லா இருக்குமே. நம்ம மெஷினுக்குன்னு ஒரு அடையாளம் வந்துரும்," என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். தேய்ந்த பட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, முதல் நீலப் பட்டையை தேவஇரக்கத்தின் மெஷினில் மாட்டினாள்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் தேவஇரக்கம் போனில் கத்தினார். ரிஸ்வானா பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது, ஏசம்மாள் ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். கறுத்துச் சிவந்த காந்தல். அதற்குள்ளே அங்கங்கே நீலத் துணுக்குகள், சட்டைத் தையலிலிருந்து பிரிந்த நூல்போல.

"வாங்கித் தின்ன வந்த பிள்ள கேக்குது, ஆச்சி, இது கேக்குல போடுத மிட்டாயான்னு," என்றாள் ஏசம்மாள். "அதுக்குள்ள இன்னொரு பிள்ள வாயில போட்டுருச்சு."

தேவஇரக்கம் தன் மனைவியை மறித்துக்கொண்டு பேசினார். "நீலம் மட்டச் சரக்குன்னு அன்னைக்கே நெனச்சேன். வெள்ள இருந்த வரைக்கும் ஒரு தூசி வந்ததுண்டா?"

"வந்துச்சு அண்ணாச்சி. இதே அளவு வந்துச்சு. வெள்ளப் பால்ல வெள்ளத் துணுக்கு, ஒங்களுக்குத் தெரியல."

"தெரியலைன்னா வந்துச்சுன்னு எப்படிம்மா சொல்லுத?"

"காத்து தெரியுதா அண்ணாச்சி? அது இல்லன்னு ஆயிருமா?"

"இந்தா, பிரசங்கம் எல்லாம் ஞாயித்துக்கெழமை கேட்டாச்சு. நீ வெள்ளையக் கொண்டா."

அவள் அலமாரியிலிருந்த பழைய வெள்ளைப் பட்டையை எடுத்துக் காட்டினாள். பிஸ்கட் தடிமனைக் காட்டினாள். அவருக்கு அது பழகிய பட்டையாகவே தெரிந்தது. ஒரு மனுஷர் கண்ணுக்கு முன்னால் பொருளை நீட்டியும் அவர் வேறொன்றைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ரிஸ்வானா தொண்டை வறளப் பேசிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பஸ் ஏறினாள்.

அடுத்த வாரத்துக்குள் மெஷின் வைத்திருந்த அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. நீலம் உதிருதாம், வெள்ளைதான் நல்ல சரக்காம். உண்மையைக் காட்டிக்கொடுத்ததற்காக நீலம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது. மறைத்துவைத்த வெள்ளைக்கு மதிப்புக் கூடியது.

தீபாவளியை முன்னிட்டு மெஷினுக்குப் புதிய ஆர்டர்கள் வந்திருந்தன. எல்லாவற்றுக்கும் வெள்ளைதான் என்று வைகுண்டராஜ் சொல்லிவிட்டார்.

"அப்ப நான் போயி மாட்ட மாட்டேன் சார்," என்றாள் ரிஸ்வானா. "உதிராதுன்னு என் வாயால சொல்ல முடியாது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒன்னப் பொய் சொல்லச் சொல்லலம்மா. கேட்டா உள்ளதச் சொல்லு. கேக்காட்டி சும்மா இரு. அம்புட்டுத்தான். எந்தப் பய கேக்கப் போறான்?"

வேலையை விட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. அவள் விட்டால் வேறு ஒருவர் போவார். உதிராது என்று சிரித்துக்கொண்டே சொல்லி மாட்டிவிட்டு வருவார். அப்போதும் மெஷின் அவள் வரைந்ததாகவேதான் இருக்கும். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லலாம், கேட்டவர்கள் வேண்டாம் என்பார்கள், ஒருத்தர் வேண்டாம் என்றாலே முதலாளி அந்த ஸ்டீல் படத்தைத் திரும்ப எடுப்பார். அவள் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு நம்பிக்கையைத்தான். அதைப் பிடித்துக்கொண்டே மெஷின்களோடு வண்டியில் ஏறினாள்.

முதல் இடம் கருத்தையாவின் கடை. பெரிய வியாபாரி. மெஷினை இறக்கி, மோட்டாரை ஓட்டிப் பார்த்து, பட்டையை மாட்டப் போகும்போது அவராகவே வந்து நின்றார்.

"ஏம்மா, நீலம் உதிருதாம்ல. இது உதிராதுல்ல?"

கேட்டுவிட்டார். நீலப் பட்டை ஒன்று கெட்ட பெயர் வாங்கியதால்தான் இந்தக் கேள்வியே பிறந்தது. ரிஸ்வானா ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"உதிரும் அண்ணாச்சி."

"என்னது?"

"இதுவும் அம்புட்டே உதிரும். ரெண்டும் ஒரே சரக்குதான். கலர்தான் வேற."

கருத்தையா பட்டையை வாங்கி விரலால் தடவினார். நகத்தால் கீறிப் பார்த்தார்.

"உதிர்ந்தா தெரியுமா?"

"தெரியாது."

"வாங்கிட்டுப் போறவனுக்கு?"

"யாருக்குமே தெரியாது அண்ணாச்சி. அதனாலதான் சொல்லுதேன்."

"தெரியாதுல்ல? அப்ப மாட்டு. பால் காஞ்சுக்கிட்டு இருக்கு."

அவர் தப்பாக விளங்கிக்கொண்டாரோ என்று இன்னொரு தடவை சொன்னாள். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் விளங்கியே இருந்தது. "படிச்ச பிள்ள, உள்ளதச் சொல்லுத. நல்ல கொணம்," என்று பாராட்டக்கூடச் செய்தார். கிளம்பும்போது, புது மெஷினில் இரண்டாம் சட்டியாகக் கிண்டிய பால்கோவா ஒரு பெட்டி கொடுத்து, முதலாளியிடம் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த இடத்திலும் கேட்டார்கள், அவளும் சொன்னாள். அங்கே ஒருவர், "நீ இதச் சொல்லாமலே மாட்டியிருக்கலாம். இப்ப மனசுக்குச் சங்கடமா இருக்கு," என்று அவளைக் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டே மாட்டச் சொன்னார்.

கடைசியாக தேவஇரக்கத்தின் கொட்டகை. நீலத்தைக் கழற்றிவிட்டு வெள்ளையை மாட்ட வேண்டும். அவர் வாசலிலேயே காத்திருந்தார். ரிஸ்வானா போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபோது ஏசம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"நீலத்தக் கழட்டு. வெள்ளைய மாட்டாத."

"ஏட்டி, என்ன ஒளறுத?" என்றார் தேவஇரக்கம். "ரெண்டும் இல்லாம மெஷின் எப்படி வழிக்கும்?"

"வழிக்காது. நிக்கட்டும்."

"எல்லாரும் வெள்ளைக்குப் போயாச்சு."

"எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுக் கிண்டட்டும். எனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல. தெரிஞ்ச பொறவு அந்தக் காந்தல எந்தக் கையால எடுத்து நீட்டுவேன்? மெஷின் வந்த நாள்ல இருந்து நான் அந்தப் பிள்ளைகளுக்கு..." என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு கோபமெல்லாம் ரிஸ்வானா பக்கம் திரும்பியது.

"நீதான வரைஞ்ச? வரையும்போது ஒனக்குத் தெரியாதா?"

"யோசிக்கலக்கா."

"யோசிக்கல."

"ஒங்க தோளு மட்டும்தான் கண்ணு முன்னால இருந்துச்சு. பட்டை தேஞ்சா வேற பட்டை மாட்டிக்கிடலாம்னு விட்டுட்டேன்."

ஏசம்மாள் மூலையில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்து, ஒட்டடையைத் தட்டினாள். "அப்பக் கிண்டுதது யாரு?" என்று கேட்ட புருஷனைப் பார்த்து, "ஒங்களுக்கு ரெண்டு கை இருக்குல்லா," என்றாள். அவர் முனகிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் கைக்குப் போகுமுன் ஏசம்மாளே துடுப்பைச் சட்டிக்குள் இறக்கி நாலு சுற்றுச் சுற்றுவதற்குள், இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ரிஸ்வானா எதிர்பார்த்த 'வேண்டாம்' இதுதான். ஆனால் அதைச் சொன்னவள் தலையில் அல்லவா மொத்தப் பாரமும் இறங்கியது. சங்கடப்பட்டுக்கொண்டே மாட்டச் சொன்னவர்களின் மெஷின்கள் எல்லாம் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எந்தத் தோளுக்காக மெஷினை வரைந்தாளோ, அந்தத் தோள் திரும்பவும் துடுப்புப் போட்டது. அவள் கிளம்பும்போது ஏசம்மாள் அலமாரியிலிருந்த தேய்ந்த பட்டையை எடுத்து அவள் பைக்குள் போட்டாள். "ஒங்க மொதலாளிட்டக் குடு. பழகுன பட்டையாம், வச்சிக்கிடட்டும்."

மறுநாள் காலையில் வைகுண்டராஜ் உற்சாகமாக இருந்தார். கருத்தையா ஏற்கெனவே போன் போட்டிருந்தார்.

"கேட்டானாம்ல?"

"கேட்டாங்க சார்."

"சொன்னியாம்ல?"

"சொன்னேன்."

"வாங்கிக்கிட்டாங்கல்ல. பெறகென்ன. நான்தான் வீணாப் பயந்திருக்கேன். இனிமே கேக்கதுக்கு முந்தியே சொல்லிருவோம். ஒரு ஸ்டிக்கர் அடிச்சு மெஷின்லயே ஒட்டிரு, 'பட்டை தேயும் தன்மையுடையது'ன்னு. நாளைக்கு நம்ம மேல ஒரு பேச்சு வராது பாரு."

"தேவஇரக்கம் அண்ணாச்சி மெஷின நிப்பாட்டிட்டாங்க சார். அந்தக்கா கையால கிண்டுது."

"ஒரு மெஷின்தான?"

அவள் சொன்ன உண்மை அவர் கையில் ஒரு ஸ்டிக்கராகிவிட்டது. ரிஸ்வானாவுக்கு அழுகை வரவில்லை, கத்தவும் தோன்றவில்லை. சுவரில் போய் முட்டிக்கொண்ட பிறகு சுவரே தன்னை நலம் விசாரிப்பதுபோல இருந்தது. பையிலிருந்து கருத்தையா கொடுத்த பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். ஏசம்மாள் கொடுத்த தேய்ந்த பட்டையையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

"புது மெஷின்ல கிண்டுன பாலா? கொண்டா," என்று வைகுண்டராஜ் பெட்டியைத் திறந்தார். வெண்ணிறத்தில் நல்ல பக்குவம். ஒரு துண்டைக் கிள்ளி வாய்ப்பக்கம் கொண்டுபோனார். பக்கத்திலிருந்த பட்டை கண்ணில் பட்டது. கை நின்றது. துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெள்ளையில் வெள்ளை என்ன தெரியும். விரலால் நசுக்கித் தேய்த்துப் பார்த்தார். பிறகு துண்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடி, அவள் பக்கம் நகர்த்தினார்.

"கம்பெனியில இருக்கவங்களுக்கு எல்லாம் குடுத்துரும்மா."

ரிஸ்வானா பெட்டியைத் தொடவில்லை.

"நீங்க ஏன் சார் சாப்பிடல?"

"எனக்கு சுகர்..." என்று ஆரம்பித்தார். அவருக்குச் சுகர் கிடையாது. டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போடச் சொல்லிக் கடைக்காரரோடு அவர் சண்டை பிடிப்பது பட்டறைக்கே தெரியும். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் அந்த வார்த்தை முடியவில்லை.

"கேட்டா உள்ளதச் சொல்லணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

வெளியே அடுத்த லோடு மெஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டுகிறவர் எந்தப் பட்டையைக் கட்டி அனுப்ப வேண்டும் என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார். வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரிஸ்வானா எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதில் வரும்வரை எழுந்திருப்பதாக இல்லை.